ஊரை விட்டுப் போகாத ட்ரம்பெட்டுகள்

சிகாகோ பார்க்கப் போகிறவர்கள் பெர்வினில் இறங்குவதில்லை. நகரின் நடுவிலிருந்து மேற்கே சுமார் பதினைந்து கிலோமீட்டர்தான். ரயிலில் அரை மணிக்குள் போய்விடலாம். ஆனால் ஏரிக்கரையையும் கண்ணாடிக் கோபுரங்களையும் பார்க்க வந்தவர்களுக்கு இங்கே என்ன இருக்கிறது? வரிசை வரிசையாகச் செங்கல் வீடுகள். ஒன்றரை மாடி, முன்னால் சில படிகள், கையகலப் புல்தரை. இவற்றை அவர்கள் பங்களா என்கிறார்கள். வங்காளத்திலிருந்து கப்பலேறிப் போன சொல் அது. நம் ஊரில் பங்களா என்றால் துரை வீடு, மிராசுதார் வீடு. பெர்வினில் அது ஆலைத் தொழிலாளி கடன் வாங்கிக் கட்டி, தவணை தவறாமல் அடைத்த வீடு.

சுமார் பத்துச் சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்த ஊரில் 2020 கணக்கெடுப்பின்படி 57,000 பேர் இருந்தார்கள். ஊரின் பெயரே இரவல். இங்கே மனை பிரித்து விற்க வந்தவர்கள் பெயர் கிடைக்காமல் பென்சில்வேனியா மாநிலத்து ரயில் அட்டவணையைப் புரட்டி, கண்ணில் பட்ட ஸ்டேஷன் பெயரை வைத்துவிட்டார்கள் என்று கதை. நம்பும்படியாகத்தான் இருக்கிறது. சிகாகோக்காரர்களுக்குப் பெர்வின் பல காலமாக ஒரு நகைச்சுவைத் துணுக்கு. 1970இல் உள்ளூர்த் தொலைக்காட்சியில் பேய்ப்படங்களைத் தொகுத்து வழங்க வந்த ஸ்வென்கூலி என்ற கோமாளி, எதற்கெடுத்தாலும் ஊர்ப் பெயரைச் சொல்லி இழுப்பார், நேயர்கள் சிரிப்பார்கள். போல்கா நடனம், வெள்ளை சாக்ஸ், ஊர் ஆட்கள் எல்லாம் கிண்டலுக்கு வந்தார்கள்.

அதே 1970 மே மாதம், இந்த ஊர்ப் பையன்கள் பாடி வாசித்த ஒரு பாட்டு அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் இரண்டாம் இடத்தில் இருந்தது.

குழுவின் பெயர் ஐட்ஸ் ஆஃப் மார்ச். பாட்டின் பெயர் 'வெஹிக்கிள்'. இரண்டுமே மொழிபெயர்ப்பாளனைச் சோதிக்கிற பெயர்கள். ரோமானியக் காலக்கணக்கில் மார்ச் 15ஆம் தேதிக்குப் பெயர் ஐட்ஸ், கி.மு. 44இல் ஜூலியஸ் சீசரைக் குத்திக் கொன்ற நாள். 'மார்ச் நடுநாள்' என்று தமிழில் எழுதினால் வருமான வரிக் கெடு மாதிரி ஒலிக்கிறது; கத்தி காணாமல் போய்விடுகிறது. 'வெஹிக்கிளை' வாகனம் என்று சொன்னாலோ ரிஷபமும் மயிலும் வந்து நிற்கின்றன. அந்தப் பாட்டின் வாகனம் 1964ஆம் வருடத்து பிளிமத் வேலியன்ட் கார். அதை ஓட்டியவரைப் பற்றிப் பிறகு.

இந்த ஊரில் இப்படி ஒரு இசை முளைத்ததற்கு ஊரின் சரித்திரம்தான் முதல் காரணம். பெர்வினையும் பக்கத்து ஊரான சிசரோவையும் நிரப்பியவர்கள் பெரும்பாலும் பொஹீமியாவிலிருந்து வந்த செக் மக்கள். ஊரின் பிரதான வீதிக்கு செர்மாக் சாலை என்று பெயர். ஆன்டன் செர்மாக் பொஹீமியாவில் பிறந்து சிகாகோ மேயராக உயர்ந்தவர். 1933 பிப்ரவரியில் மியாமியில், அதிபராகப் பதவியேற்கவிருந்த ரூஸ்வெல்ட்டை நோக்கிச் சுட்ட குண்டு இவர்மேல் பாய்ந்தது. மார்ச் 6ஆம் தேதி இறந்தார். சீசரின் நாளுக்கு ஒன்பது நாள் முன்னால். இந்தச் சாலையில் சேமிப்பு நிறுவனங்கள் தோளோடு தோள் உரசி நின்றதால் 'பொஹீமிய வால் ஸ்ட்ரீட்' என்று பட்டப்பெயர். ஊரே சேமித்தது, வீடு கட்டியது, ஞாயிற்றுக்கிழமை போல்கா ஆடியது.

சம்பளம் கொடுத்தது சிசரோவில் இருந்த ஹாதார்ன் ஆலை. அமெரிக்காவின் தொலைபேசிக் கருவிகளைச் செய்த வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனி 1905இல் தொடங்கியது. உச்சக் காலத்தில் 40,000 பேருக்கு மேல் வேலை செய்தார்கள். நிர்வாகவியல் மாணவர்கள் படிக்கும் 'ஹாதார்ன் விளைவு' இந்த ஆலையில் நடந்த சோதனைகளால் வந்த பெயர்தான். கவனிக்கப்படுகிறோம் என்று தெரிந்தாலே மனிதர்கள் கூடுதலாக உழைப்பார்கள் என்பது அதன் சாரம். மேடை ஏறுகிற எல்லோருக்கும் இது தெரியும்.

இரண்டாவது காரணம் பள்ளிக்கூடம். அமெரிக்கப் பள்ளிகளில் பேண்டு என்பது ஒரு பாடம். கணக்கு வகுப்பு மாதிரி அதற்கும் மணி அடிக்கும், வாத்தியார் வருவார், மதிப்பெண் உண்டு. பத்து, பதினோரு வயதில் பிள்ளை ஒரு வாத்தியத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்பா கடையில் மாத வாடகைக்கு எடுத்துத் தருவார். இலையுதிர் காலத்தில் வெள்ளிக்கிழமை இரவுகளில் கால்பந்து மைதானத்தில் சீருடையோடு அணிவகுத்து ஊத வேண்டும். நாடு முழுவதற்குமான முதல் பள்ளி பேண்டுப் போட்டி 1923இல் நடந்ததே சிகாகோவில்தான். பின்னால் நின்று ஊக்கம் கொடுத்தவர்கள் வாத்தியம் செய்யும் முதலாளிகள். ராணுவ பேண்டுகளும் சர்க்கஸ் பேண்டுகளும் குறைந்துவந்த நேரத்தில் அவர்களுக்குப் புதுச் சந்தை வேண்டியிருந்தது. சிகாகோவிலிருந்து கிழக்கே 170 கிலோமீட்டர் போனால் இந்தியானா மாநிலத்து எல்கார்ட் நகரம். அங்கே 1870களில் கான் என்பவர் தொடங்கிய தொழில் வளர்ந்து, ஊர் முழுக்க ட்ரம்பெட் பட்டறைகளானது. ஆக, சிகாகோவைச் சுற்றியுள்ள ஊர்களில் ஏதாவது ஒரு வீட்டின் பரணில் வெல்வெட் பெட்டிக்குள் ஒரு ட்ரம்பெட் தூங்குகிறது என்றால் அதற்குப் பின்னால் கலைத்தாகம் மட்டுமல்ல, நல்ல வியாபாரமும் இருக்கிறது.

அந்த ட்ரம்பெட்டை கிட்டாரோடு சேர்த்ததுதான் ஹார்ன் ராக். ஹார்ன் என்றதும் லாரி ஞாபகம் வர வேண்டாம். ட்ரம்பெட், ட்ராம்போன், சாக்ஸஃபோன் மூன்றையும் சேர்த்து அமெரிக்க இசைக்காரர்கள் ஹார்ன் என்பார்கள். 1960களின் ராக் குழுக்களில் நாலு பேர், மூன்று கிட்டார், ஒரு டிரம் போதும். பீட்டில்ஸ் காட்டிய வழி. இதில் ஊதுகிறவர்களை நுழைத்து, பாடகருக்குப் பக்கவாத்தியமாக இல்லாமல் இன்னொரு குரலாகவே ஆக்கினார்கள் சிலர். 1967 பிப்ரவரியில் முதலிடம் பிடித்த பக்கிங்ஹாம்ஸ் சிகாகோ குழு. அதே மாதம் இன்னொரு குழு சிகாகோவில் ஒரு அடுக்குமாடி வீட்டில் கூடிப் பேசித் தொடங்கியது. அதில் ட்ரம்பெட், ட்ராம்போன், சாக்ஸஃபோன் மூன்றுக்கும் உரியவர்கள் டிபால் பல்கலைக்கழகத்தில் இசை படித்தவர்கள். நகரப் போக்குவரத்து நிறுவனத்தின் பெயரையே தங்களுக்கு வைத்துக்கொண்டு 1969இல் முதல் ஆல்பத்தை வெளியிட்டார்கள். சிகாகோ ட்ரான்ஸிட் அதாரிட்டி. நிறுவனம் வழக்குப் போடுவோம் என்று மிரட்ட, பெயரைச் சுருக்கி வெறும் சிகாகோ ஆனார்கள். ஆனால் ஆல்பம் வருவதற்கு முன்பே, 1968இலேயே, அவர்கள் லாஸ் ஏஞ்சலிஸுக்குக் குடிபோயிருந்தார்கள். நகரத்தின் பெயரை எடுத்துக்கொண்டவர்கள் நகரத்தில் தங்கவில்லை. ரோமாபுரிப் பெயர் வைத்தவர்கள் பெர்வினிலேயே இருந்தார்கள்.

ஜிம் பீட்டரிக், லாரி மிலாஸ், பாப் பெர்க்லண்ட், மைக் போர்ச். நால்வரும் சிறு வயதிலிருந்தே ஒன்றாகத் திரிந்தவர்கள், பெர்வினில் உள்ள மார்ட்டன் வெஸ்ட் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள். 1964இல் ஷான்டெல்ஸ் என்ற பெயரில் வாசிக்க ஆரம்பித்தார்கள். அதே மாதிரி பெயரில் இன்னொரு குழு முன்னேறிக்கொண்டிருந்ததால் பெயரை மாற்ற வேண்டியதாயிற்று. வகுப்பில் ஷேக்ஸ்பியரின் ஜூலியஸ் சீசர் பாடமாக இருந்த நேரம். பெர்க்லண்ட் கண்டெடுத்துச் சொன்ன பெயர்தான் நிலைத்தது. உலகத்தில் பாடப் புத்தகம் எதற்கெல்லாம் பயன்பட்டிருக்கிறது! 1966இல் பள்ளிக்கூடம் போய்க்கொண்டே ஒரு பாட்டைத் தேசியப் பட்டியலில் ஏற்றினார்கள், 42ஆம் இடம். பிறகு ட்ரம்பெட்காரர்கள் சேர்ந்தார்கள். பாஸ் கிட்டார் வாசித்த பெர்க்லண்ட் அதை இறக்கி வைத்துவிட்டு சாக்ஸஃபோனையும் எடுத்து ஊதினார்.

'வெஹிக்கிள்' கதை காதல் கதை. பீட்டரிக் ஒரு பெண்ணை விரும்பினார். அவளோ மாடலிங் வகுப்புக்குப் போக, வர, அவருடைய வேலியன்ட் காரைப் பயன்படுத்திக்கொண்டாள். காதல் என்று வரும்போது நழுவினாள். நான் உனக்கு வெறும் வாகனம்தானா என்ற ஆற்றாமைதான் பாட்டு. தொடக்க அடிக்கு யோசனை கிடைத்தது போதைப் பொருள் குறித்து மாணவர்களை எச்சரித்த துண்டுப் பிரசுரம் ஒன்றிலிருந்து. அந்தப் பெண்ணே பிற்பாடு அவர் மனைவியானார். ஆகவே அனுதாபத்தை மிச்சம் பிடிக்கலாம். சிகாகோவில் ஒலிப்பதிவு செய்தபோது முடிந்த நாடாவில் பதினான்கு விநாடி தவறுதலாக அழிந்துபோனது. ஒதுக்கி வைத்திருந்த இன்னொரு பதிவிலிருந்து அந்தத் துண்டை வெட்டி ஒட்டினார்கள். மூன்று நிமிடத்துக்கும் குறைவான பாட்டு. தொடக்கத்தில் ஹார்ன்கள் ஒரே மூச்சில் படியிறங்கி வரும் அந்தச் சில விநாடிகளை ஒரு தடவை கேட்டவர்கள் மறப்பதில்லை. நியூயார்க்கின் பிளட் ஸ்வெட் அண்ட் டியர்ஸ் குழுதான் பாடுகிறது என்று வானொலி கேட்டவர்கள் பலர் நினைத்தார்கள். பத்தொன்பது வயதுப் பையனின் தொண்டையில் அத்தனை கரகரப்பு.

ஜானிஸ் ஜாப்லின், லெட் ஜெப்பலின் போன்றவர்கள் வந்த மேடைகளில் எல்லாம் வாசித்தார்கள். அடுத்த வெற்றி அந்த அளவுக்கு வரவில்லை. ஏழு பேருக்குச் சாப்பாடு, வண்டி, படுக்கை. இதுதான் ஹார்ன் ராக்கின் நிரந்தரக் கணக்கு. நாலு பேர் குழுவின் வருமானத்தை ஏறக்குறைய இரண்டு மடங்கு வாய்கள் தின்னும். 1973இல் மார்ட்டன் வெஸ்ட் பள்ளியிலேயே கடைசிக் கச்சேரி நடத்திவிட்டுக் கலைந்தார்கள்.

அதற்குப் பிறகு பதினேழு வருடம். அந்தப் பதினேழு வருடத்தில் ஹார்ன்களுக்கு நேர்ந்தது நல்ல கதை அல்ல. சின்தசைசர் வந்தது. ஒரு விரல் அழுத்தினால் ட்ரம்பெட் மாதிரி ஏதோ ஒன்று கேட்டது; அதற்கு ரயில் டிக்கெட் வேண்டாம், பசிக்காது. ஹார்னை வைத்தே பெயர் வாங்கிய சிகாகோ குழுகூட 1982இல் பதினாறாம் ஆல்பத்தில் அதை ஓரமாக உட்கார வைத்துவிட்டு மெல்லிய காதல் பாட்டுகளால் மறுபடி முதலிடத்துக்கு வந்தது. அதே 1982இல் பீட்டரிக்கும் உச்சிக்குப் போனார். சர்வைவர் என்ற குழுவில் இருந்துகொண்டு, ராக்கி படத்தின் மூன்றாம் பாகத்துக்காக ஃப்ராங்கி சல்லிவனோடு சேர்ந்து எழுதிய 'ஐ ஆஃப் த டைகர்' ஆறு வாரம் முதலிடத்தில் இருந்தது. உலகத்தில் குத்துச்சண்டை நடக்கும் இடமெல்லாம் அந்தப் பாட்டு ஒலித்தது. அதில் ஒரு ட்ரம்பெட்கூடக் கிடையாது.

அடுத்த வருடம், 1983இல், ஹாதார்ன் ஆலை மூடப்பட்டது. இடத்தில் கடைத்தொகுதி வந்தது. பழைய கோபுரம் ஒன்று மட்டும் மிச்சம். சம்பளம் வாங்கி, சேமித்து, மகனுக்கு வாடகை ட்ரம்பெட் எடுத்துக் கொடுத்த அந்த ஊர் வாழ்க்கையின் அச்சாணி கழன்றது.

1990இல் பெர்வின் தன் கோடைத் திருவிழாவுக்கு ஐட்ஸ் ஆஃப் மார்ச்சைக் கூப்பிட்டது. நல்ல தொகை பேசினார்கள். பழைய ஆட்கள் கூடினார்கள். ஒரே ஒரு இரவுக் கச்சேரிக்காக ஆறு மாதம் ஒத்திகை பார்த்தார்கள் என்பதுதான் இந்தக் கதையில் முக்கியமான தகவல்.

ஏன் ஆறு மாதம்? கிட்டாரை இருபது வருடம் கழித்து எடுத்தாலும் விரல் சீக்கிரம் பழைய இடம் தேடிப் போய்விடும். ட்ரம்பெட் அப்படி அல்ல. சத்தம் பிறப்பது உதட்டில். வாத்தியத்தின் வாயில் உதடு துடிக்கும் துடிப்பைத்தான் பித்தளைக் குழாய் பெரிதாக்கி வெளியே அனுப்புகிறது. சில வாரம் ஊதாவிட்டாலே உதட்டுத் தசை தளர்ந்துவிடும். மேல்ஸ்தாயி முதலில் போகும். நாற்பது வயதில் மூச்சும் இருபதில் இருந்த மூச்சு அல்ல. இதைத் தனியாகச் சரி செய்துகொண்டாலும் போதாது. ஹார்ன் வரிசையின் அழகு சேர்ந்து தொடங்குவதில் பாதி, சேர்ந்து நிறுத்துவதில் பாதி. ஒருவர் இமைப்பொழுது தாமதித்தால் மொத்த அடியும் கொழகொழத்துவிடும். பக்கத்தில் நிற்பவன் எப்போது மூச்சு இழுப்பான் என்று தெரிந்திருக்க வேண்டும். இது சம்பளத்துக்கு அமர்த்தும் திறமைசாலிகளிடமும் கிடைக்கும். ஆனால் ஒரே தெருக்களில் சைக்கிள் விட்டவர்களிடம் கொஞ்சம் சுலபமாகக் கிடைக்கும்.

அன்று பூங்காவில் திரண்ட கூட்டத்தைப் பார்த்தவர்கள் இது ஒரு நாள் கூத்து அல்ல என்று புரிந்துகொண்டார்கள். அந்த இரவுக்குப் பிறகு குழு கலையவில்லை. 2014இல் ஐம்பதாவது ஆண்டைக் கொண்டாடியது. ஹாலிவுட் படத்துக்குப் பாட்டு எழுதிப் பணமும் புகழும் பார்த்த ஒருவர், சிறுவயது நண்பர்களோடு ஊர்த் திருவிழாக்களில் நிற்க வருகிறார் என்றால் அதைப் பழைய ஞாபகம் என்று மட்டும் தள்ளிவிட முடியாது. கச்சேரியில் புலிப் பாட்டையும் வாசித்தார்கள்.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. அமெரிக்காவில் ட்ரிப்யூட் பேண்டு என்று ஒரு வகை உண்டு. புகழ்பெற்ற குழு ஒன்றின் பாட்டுகளை அச்சு அசலாக வாசிப்பதே அவர்கள் தொழில், அல்லது வாரக்கடைசிப் பித்து. ஹார்ன் ராக்குக்கு இவர்கள் ஏராளம். பள்ளி பேண்டில் ஊதிவிட்டுக் கணக்கராகவும் பல் மருத்துவராகவும் போனவர்கள் ஐம்பது வயதில் பெட்டியைத் திறக்க இதைவிட நல்ல சாக்கு இல்லை. ஐட்ஸ் ஆஃப் மார்ச் மாதிரி குழுக்கள் தங்களுக்குத் தாங்களே ட்ரிப்யூட் பேண்டுகள் ஆகிவிட்டனவா? 1970இல் வாசித்ததை 1990இலும் 2014இலும் வாசிப்பதில் புதிதாக என்ன?

இளக்காரமாகக் கேட்கலாம். ஆனால் மாஸ்கோவில் நடந்ததைப் பாருங்கள். லியனீத் வராபியோவ் என்ற பாஸ் கிட்டார் கலைஞர் 2014இல், அறுபதை எட்டும் வயதில், சிகாகோ குழுவின் பாட்டு ஒன்றைத் தன் சந்தோஷத்துக்காகப் பதிவு செய்தார். இசைக் குறிப்பு கிடைக்காததால் பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டு ஒவ்வொரு ஹார்னுக்கும் தனித்தனியே காதாலேயே எழுதி எடுத்தார். நண்பர்களைச் சேர்த்தார். லியனீத் அண்ட் ஃப்ரெண்ட்ஸ் என்று பெயர். அந்த வீடியோக்களைப் பார்த்து அசந்த அமெரிக்கர்கள் அழைக்க, 2019இல் அந்த ரஷ்யக் குழு அமெரிக்காவில் சுற்றுப்பயணம் செய்தது. காது கொடுத்து இத்தனை துல்லியமாக எழுதுவது நகல் எடுக்கும் வேலை என்றால், நல்ல மொழிபெயர்ப்பும் நகல்தான். ஆனால் மாஸ்கோக்காரர்களால் பெற முடியாத ஒன்று பெர்வின்காரர்களிடம் இருந்தது. அந்தப் பாட்டு எழுந்த தெருவே கேட்க வந்து நின்றது.

அந்தத் தெருவும் அதே தெருவாக இல்லை. செக் பேக்கரிகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. 2010 கணக்கெடுப்பில் பெர்வின் மக்களில் பாதிக்கு மேல் லத்தீன் அமெரிக்க வழியினர், அவர்களில் பெரும்பாலோர் மெக்ஸிகோக்காரர்கள். செர்மாக் சாலையில் ஸ்பானியப் பெயர்ப் பலகைகள். முன்பு நகர ரயிலே பெர்வின் வரை வந்துகொண்டிருந்தது. 1952இல் சிசரோவோடு நிறுத்திவிட்டார்கள், தண்டவாளம் போன தடத்தில் கார்களை நிறுத்தினார்கள். வண்டிகளுக்கும் இந்த ஊருக்கும் ஏதோ பூர்வ ஜன்ம பந்தம். 1989இல் செர்மாக் பிளாசா கடைத்தொகுதியின் வாசலில் டஸ்டின் ஷூலர் என்ற சிற்பி எட்டு கார்களை ஐம்பது அடி இரும்புக் கம்பத்தில், அலுவலக மேஜையில் பில்களைக் குத்தி வைப்பார்களே அந்த மாதிரி, குத்தி நிறுத்தினார். 'ஸ்பிண்டில்' என்று பெயர். ஊரில் பாதிப் பேர் திட்டினார்கள். 'வேன்ஸ் வேர்ல்ட்' படத்தில் வந்ததும் பெருமைப்பட்டார்கள். 2008இல் பிரித்து எடுத்துவிட்டார்கள். உச்சியில் இருந்த சிவப்பு ஃபோக்ஸ்வாகன் உட்பட இரண்டு கார்கள் மட்டும் தப்பின.

குழுவிலும் இழப்புகள். 'வெஹிக்கிள்' காலத்துக் கிட்டார்காரர் ரே ஹெர், ட்ரம்பெட்காரர் ஜான் லார்சன் இருவரும் 2011இல் இறந்தார்கள். ஹார்ன் வரிசையில் ஒருவர் போனால் மற்றவர்களுக்குத் தெரிகிற விதம் வேறு. மூன்று பேர் சேர்ந்து பிடிக்கும் ஒரு சுரக்கோவையில் ஒரு சுரம் இல்லாமல் போகிறது. வேறு ஒருவர் வந்து அதே சுரத்தை ஊதுவார், சரியாகவே ஊதுவார். மூச்சு வேறு. புதியவர்கள் சேர்ந்தார்கள், வரிசை நீண்டது.

மார்ட்டன் வெஸ்ட் பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு தெருப்பகுதிக்கு 'ஐட்ஸ் ஆஃப் மார்ச் வே' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பாட்டு மட்டும் ஊரோடு நிற்கவில்லை. 2005இல் அமெரிக்கன் ஐடல் தொலைக்காட்சிப் போட்டியில் போ பைஸ் என்ற இளைஞர் பாடியதில் இன்னொரு தலைமுறை அதைக் கண்டுபிடித்தது. அதற்கு வெகு முன்பே அது பள்ளி, கல்லூரி பேண்டுகளின் அணிவகுப்புப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. இலையுதிர் கால இரவில், பெர்வின் எங்கே இருக்கிறது என்று தெரியாத ஏதோ ஒரு ஊர் மைதானத்தில், மாத வாடகை ட்ரம்பெட்டை உதட்டில் வைத்துக்கொண்டு பதினைந்து வயதுப் பிள்ளைகள் அந்தத் தொடக்கத்தை ஊதுகிறார்கள். பெரும்பாலும் கொஞ்சம் வேகமாக.